முப்பது அடி பின்னால

இந்தக் கடைசி சீட்டுதாம்மா எனக்கு வேணும். குலுக்கும்னு தெரியும். இடுப்பு வலிக்கும், அதுவும் தெரியும். ஆனா பஸ்ல பின்னால ஆள் இல்லாத சீட்டு இது ஒண்ணுதானே. நீ வேணும்னா முன்னால போய் உக்காந்துக்கோ. இல்ல, இங்கயே இருக்கியா? இரு. பேச ஒரு ஆள் இருந்தா நல்லதுதான்.

எங்க போறேன்னா, ஒரு வேதக்கோவில்ல அசனம், ஊருக்கே விருந்து. மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் நாலு மணிக்கு மிஷனெரிக் கூட்டம். நான்தான் பேசணும். ‘ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த சகோதரி கெத்சியாள் பொன்னையா’ன்னு நோட்டீஸ் அடிச்சு, போட்டோவும் போட்டிருக்காவ. மேடையில சொல்லுறது எனக்கு மனப்பாடம்மா. எங்க நிறுத்தணும், எங்க குரலை இறக்கணும், எல்லாம் பழகிப்போச்சு. உன்கிட்ட அதைச் சொல்லப் போறதில்ல. நீ யாருன்னு எனக்குத் தெரியாது பாரு, அதனால நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

முப்பத்தோரு வருஷம் நான் டீச்சர். கணக்கும் வேதபாடமும் எடுத்தேன். ரிட்டயர் ஆகி அடுத்த வருஷமே எங்க வீட்டுக்காரவ போயிட்டாவ. மகன் பெங்களூர்ல. ஒத்தையா இருந்து என்ன செய்ய? அப்பதான் எங்க மிஷன்ல கேட்டாவ, ஆப்பிரிக்காவுல மலாவின்னு ஒரு நாடு இருக்கு, அங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேதத்துல இருந்து நற்பண்பு சொல்லிக் கொடுக்க ஆள் வேணும், ரெண்டு வருஷத்துக்கு வாறீங்களான்னு. நான் யோசிக்கவே இல்ல. சரின்னுட்டேன். கோவில்ல எல்லாரும் கையைப் பிடிச்சு, ‘உங்களுக்குத்தான் எவ்வளவு தைரியம்’னாவ. அதைக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

தைரியமாவது ஒண்ணாவது. விமானம் இறங்கின நிமிஷத்துல இருந்து பயம்.

மகூவான்னு ஒரு ஊர். பக்கத்துல பெரிய ஆறு, ஷிரேன்னு பேரு. நம்ம தாமிரபரணி மாதிரி இறங்கிக் குளிக்க முடியாது, முதலை கிடக்கும். பள்ளிக்கூடத்து வளாகத்துலயே எனக்கு ரெண்டு அறை வீடு. ஹெட்மாஸ்டர் கச்சிங்வேன்னு ஒருத்தர், தங்கமான மனுஷன், இங்கிலீஷ் நல்லா பேசுவார். அந்த ஊர்க்காரங்களும் நல்லவங்கதான். வழியில பார்த்தா மெல்லக் கையைத் தட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கும்பிடு போடுவாங்க. மக்காச்சோள மாவுல ‘சீமா’ன்னு ஒரு களி கிண்டிக் கொண்டாந்து தருவாங்க. ஆனா எனக்கு யார் சிரிச்சாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கும். பாஷை தெரியாதுல்லா. ரெண்டு பேர் நின்னு பேசினா என்னைப் பத்தித்தான் பேசுதாவன்னு தோணும். வாசல்ல ரெண்டு தாழ்ப்பாள் இருந்துச்சு, நான் மூணாவதா ஒண்ணு போடச் சொன்னேன்.

பாடப் புஸ்தகம் நம்ம மிஷன்ல அடிச்சதுதான். மொத்தம் இருபத்து நாலு பாடம். உண்மை பேசுதல், கீழ்ப்படிதல், திருடாமை, பயப்படாமை, மன்னித்தல், அப்படிப் போகும். ஆடு, மேய்ப்பன், சிங்கக்குகைன்னு துணியில ஒட்டுற படமெல்லாம் கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகளுக்கு உசுரு அந்தப் படம்னா. ஒரு வகுப்புல தொண்ணூறு பிள்ளைக, பாதி தரையில உக்காந்திருக்கும். நான் எடுத்த பிள்ளைகள்லயே கெட்டிக்காரப் பிள்ளை அலினாஃபே. பன்னிரண்டு வயசு இருக்கும். அந்தப் பேருக்கு ‘அவர் நம்மோடு இருக்கிறார்’னு அர்த்தமாம். எது சொன்னாலும் கையைத் தூக்கிரும். இங்கிலீஷும் நல்லா வரும். நான் சொன்னதை மத்த பிள்ளைகளுக்கு அவங்க பாஷையில அதுதான் எடுத்துச் சொல்லும்.

வாரத்துல மூணு நாள் நான் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகணும். ரெண்டு மைல். ஆத்தங்கரையை ஒட்டி ஒத்தையடிப் பாதை. காலைல ஆறரைக்குக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும். செப்டம்பர்ல நான் போய் இறங்கினப்ப எல்லாம் காஞ்சு கிடந்துச்சு. கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு ஜனவரியில பார்த்தா, மழை பெய்ஞ்சு நாணல் ஆள் உசரத்துக்கு மேல வளந்து நிக்கி. பாதை ஒரு சந்து மாதிரி ஆயிப்போச்சு. ரெண்டு பக்கமும் பச்சை, மேல மட்டும் வானம்.

அந்த ஜனவரியிலதான் அவன் வந்தான்.

முத நாள் நான் கண்டுக்கல. ஊர் எல்லையில தூணு மாதிரி தடிச்ச ஒரு மரம், அதுக்குக் கீழ ஒருத்தன் நிக்கான். நல்ல உசரம். கிழிஞ்ச மஞ்சள் சட்டை. கையில பாங்கா. பாங்கான்னா நம்ம வெட்டரிவாள்தான், வளைவு இல்லாம நீட்டமா இருக்கும். தோட்டத்துக்குப் போறான் போலன்னு நினைச்சேன். நான் தாண்டிப் போனதும் பின்னால காலடிச் சத்தம். திரும்பிப் பாக்கேன், வாரான். முப்பது அடி இருக்கும். நான் நின்னா அவனும் நிக்கான். நான் நடந்தா அவனும் நடக்கான். பேச்சு கிடையாது. நடுவுல நடுவுல அந்தப் பாங்காவால நாணலை ஓங்கி ஓங்கி அடிக்கான். சளார், சளார்னு. அந்தச் சத்தம் இருக்கே, இப்பவும் யாராவது துணி துவைச்சா நான் திரும்பிப் பாத்துருவேன்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். அவன் உள்ள வரல. அடிபம்பு பக்கத்துல குத்தவச்சு உக்காந்துட்டான். மத்தியானம் நான் கிளம்ப, அவனும் எந்திரிச்சான். திரும்ப முப்பது அடி.

ரெண்டாம் நாளும் அப்படித்தான். மூணாம் நாளும் அப்படித்தான். ஒரு நாள் நான் ஓடிப் பார்த்தேன். இந்த வயசுல, சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. அவனும் ஓடி வாரான்! பாங்காவை மேல தூக்கி என்னமோ கத்திக்கிட்டே வாரான். நான் ஓடின ஓட்டத்துல ஒரு செருப்பு போயிருச்சு. அன்னைக்கு மத்தியானம் அந்தச் செருப்பு பள்ளிக்கூடத்து வாசப்படியில இருந்துச்சும்மா. கழுவி, துடைச்சு, நேரா வச்சிருந்துச்சு. எனக்கு அதைப் பார்த்ததும் ‘உன் செருப்பு என் கைக்கு வந்துச்சு, அடுத்தது நீதான்’னு சொல்லுத மாதிரி இருந்துச்சு. வேற எப்படி நினைக்கச் சொல்லுத?

வகுப்புல அந்த வாரம் ‘பயப்படாமை’ பாடம். சிங்கக்குகைப் படத்தை ஜன்னலைப் பாத்துக்கிட்டே ஒட்டுதேன், சிங்கம் கீழ விழுந்துக்கிட்டே இருக்கு. பிள்ளைக சிரிக்கி. அலினாஃபே மட்டும் சிரிக்காம எந்திரிச்சு வந்து ஒட்டிக் கொடுத்துச்சு. அதுகிட்ட மெல்லக் கேட்டேன், ‘மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு ஒரு ஆள் பாதையில நிக்காரே, அது யாரு?’ன்னு. அது தலையைக் குனிஞ்சுக்கிச்சு. ‘மாவூத்தோ, மேடம்’னு பேரை மட்டும் சொல்லிச்சு. ‘மாவூத்தோன்னா என்ன அர்த்தம்?’னேன். ‘துன்பங்கள்’னுச்சு.

வேற எதுவும் சொல்லலம்மா அந்தப் பிள்ளை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?

ஹெட்மாஸ்டர்கிட்ட கேக்கலாம்னா, அவர் அந்த மாசம் மாவட்டத் தலைநகர்ல ஏதோ பயிற்சிக்குப் போயிட்டார். போன் கிடைக்கல. பிளாண்டயர்னு பெரிய டவுன்ல எங்க மிஷன் பொறுப்பாளர் ஞானசிகாமணி பிரதர் இருந்தாவ, அவுகளுக்குப் போன் போட்டேன். மூணு வாரமா ஒருத்தன் அரிவாளோட என் பின்னால வாரான்னு சொல்லும்போதே அழுதுட்டேன். ‘சிஸ்டர், நீங்க வீட்டை விட்டு வெளிய வராதீங்க, நான் பாத்துக்கிடுதேன்’னாவ.

மறுநாள் காலைல பத்து மணி. ஆத்தங்கரைப் பள்ளிக்கூடத்துல நான் வகுப்புல நிக்கேன். வெளிய வரக்கூடாதுன்னாவதான். ஆனா பாடம் போயிருமேன்னு நான் போயிருந்தேன், அன்னைக்கும் அவன் பின்னாலயே வந்தான். திறந்த வண்டி ஒண்ணு வந்து நிக்கி. மூணு போலீஸ். அடிபம்பு பக்கத்துல இருந்தவனை அப்படியே சட்டையைப் பிடிச்சுத் தூக்கிட்டாங்க. அவன் திமிறல. என்னைக் கை காட்டிக் காட்டிப் பேசுதான். ஆத்தைக் கை காட்டுதான். திரும்ப என்னைக் காட்டுதான். வேகமா, மூச்சு விடாம. என்னைச் சபிக்கான்னுதான் நான் நினைச்சேன். ஒரு போலீஸ்காரன் சிரிச்சான்.

எல்லாப் பிள்ளைகளும் வெளிய வந்து நிக்கி. பெரிய போலீஸ்காரர் நோட்டைப் பிரிச்சு என்கிட்ட வந்தார்.

‘மேடம், இவன் நீங்க போறப்ப எல்லாம் உங்க பின்னால வந்தானா?’

‘ஆமா.’ அது உண்மைதானே?

‘கையில பாங்கா இருந்துச்சா?’

‘ஆமா.’ அதுவும் உண்மை.

‘உங்களை வெட்ட ஓங்கினானா?’

நான் வாயைத் திறக்கலம்மா. தலையை ஆட்டினேன். நம்ம ஆட்டுவோமே, இப்படியும் இல்லாம அப்படியும் இல்லாம, ‘எனக்கு என்னய்யா தெரியும்’னு ஒரு ஆட்டு. அவர் அதைப் பார்த்துட்டு எழுதுதார். என்ன எழுதினார்னு தலைகீழாத் தெரிஞ்சுது. ஆம்னு எழுதினார். நான் பார்த்தேன். அவன் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னான்.

நான் ஒண்ணும் பொய் சொல்லல. ஒரு வார்த்தைகூட நான் பொய் சொல்லல. ‘இங்க கையெழுத்துப் போடுங்க’ன்னார், போட்டேன். வண்டி போயிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் தட்டுற சத்தம். ஜன்னல் இடுக்குல பாக்கேன். ஒரு பொம்பளை, கூட அலினாஃபே. பொம்பளை கையில ஒரு வெள்ளைக்கோழி, கால் ரெண்டையும் கட்டித் தலைகீழாத் தொங்குது. அந்தப் பிள்ளை ‘மேடம், மேடம்’னு கூப்பிடுது. அவனோட சொந்தக்காரங்க போல, பழி வாங்க வந்திருக்காவ, கோழியைக் காவு கொடுத்து எனக்கு ஏதோ செய்வினை வைக்கப் போறாவன்னு நான் நினைச்சேன். மூணு தாழ்ப்பாளையும் போட்டுட்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் இருந்தாவ. அப்புறம் சத்தம் இல்ல. காலைல கதவைத் திறந்தா கோழி மட்டும் வாசல்ல கிடக்கு, உசுரோட. ஒரு குச்சியால கயித்தை நெம்பி அவுத்து விட்டு விரட்டினேன். கையால தொடல.

மூணு நாள் வீட்டுக்குள்ளயே கிடந்தேன். நாலாம் நாள் பிரதர் போன்ல சொன்னாவ, ‘அவன் இனிமே வரமாட்டான் சிஸ்டர், தைரியமா போங்க’ன்னு. கிளம்பினேன். அந்த மரத்துக்குக் கீழ யாருமில்ல. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சின்னப் பிள்ளையில ஸ்கூல் விட்டு வருவோமே, அப்படி. பாட்டுப் பாடிக்கிட்டே நடந்தேன்.

கால் மைல் போயிருப்பேன். பின்னால டங், டங்னு சத்தம்.

அப்படியே நின்னுட்டேன். திரும்பிப் பாக்கேன், அலினாஃபே. ஒரு தகரத்தட்டும் ஒரு கட்டையும் வச்சு அடிச்சுக்கிட்டே வருது. முப்பது அடி பின்னால.

‘போ! வீட்டுக்குப் போ!’ன்னு கத்தினேன். நின்னுச்சு. போகல. ‘யார் அனுப்புனா உன்னை?’ன்னேன். ‘அப்பா, மேடம்’னுச்சு. ‘உங்கப்பா யாரு?’ன்னேன்.

அது பதில் சொல்ல வாயெடுக்கையில இடது பக்கம் நாணல் அசைஞ்சுது. காத்து இல்ல. நாணல் மட்டும் அசையுது. அப்புறம் ஒரு மூச்சு. லாரி டயர்ல காத்து இறக்கினா வருமே, அப்படி ஒரு மூச்சு. அதுக்கப்புறம் பாதையில ஒரு பெரிய பாறை வந்து நின்னுச்சும்மா. ஈரமா, கறுப்பா. எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவுல. பாறை திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்துச்சு.

நீர்யானை. படத்துல பார்த்தா சிரிப்பா இருக்கும். அதோட வாய்க்குள்ள நீயும் நானும் உக்காந்து பேசலாம். பல்லு ஒவ்வொண்ணும் என் முழங்கை நீளம். ராத்திரி மேய்ஞ்சுட்டு ஆத்துக்குத் திரும்புற வழியில அது வந்திருக்கு, வழியில நான் நிக்கேன்.

அந்தப் பிள்ளை ஓடலம்மா. தட்டை அடிச்சுது. டங் டங் டங்னு விடாம அடிச்சுது. கத்துச்சு. ‘ஓடுங்க மேடம்!’னு இங்கிலீஷ்ல சொல்லிச்சு. நீர்யானை அந்தப் பக்கம் திரும்பிச்சு.

நான் ஓடினேன்.

திரும்பிப் பாக்கல. தட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் கேக்கல. கேக்கலன்னு தெரிஞ்சும் நான் நிக்கல. பள்ளிக்கூடத்துக்குள்ள போய், காலியா இருந்த ஒரு வகுப்புக்குள்ள நுழைஞ்சு, கதவைச் சாத்தி, பெஞ்சை இழுத்து முட்டுக் கொடுத்துட்டேன். கொஞ்ச நேரத்துல யாரோ கதவைத் தட்டுதாங்க. நான் திறக்கல. நீர்யானை கதவைத் தட்டாதுன்னு இப்பத் தெரியுது. அப்பத் தெரியல. திரும்பத் தட்டுதாங்க. மெல்ல, கீழ் பலகையில. நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன். கடைசியில ஒரு டீச்சர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, ‘மேடம், திறங்க, பிள்ளை வாசல்ல கிடக்கு’ன்னார்.

கை முறிஞ்சிருந்துச்சு. நீர்யானை கடிக்கல, உரசிக்கிட்டு ஆத்துக்கு ஓடியிருக்கு. அந்த இடி பட்டதே போதும், வலது கை ரெண்டு இடத்துல முறிஞ்சு தொங்குது. அந்தக் கையோட ஒண்ணே முக்கால் மைல் நடந்து வந்திருக்கு. நான் வந்து சேர்ந்தேனான்னு பாக்க.

மறுநாள் ஹெட்மாஸ்டர் பயிற்சியைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தார். என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே பேசினார், உக்காரல. ‘மேடம், போன மழைக்கு இந்தப் பாதையில ஒரு பொம்பளையை நீர்யானை கொன்னுடுச்சு. உங்களுக்கு முந்தி இருந்த டீச்சர்கிட்ட சொன்னோம், அவங்க அந்த வாரமே பெட்டியைக் கட்டிட்டாங்க. அதனால உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு பெற்றோர் கமிட்டியில முடிவு பண்ணாங்க. உங்களைப் பயமுறுத்த வேண்டாம், பின்னால ஒரு ஆளை அனுப்புவோம்னாங்க. மாவூத்தோ தானா வந்தார். அவர் மகளுக்கு நீங்கன்னா உயிர். நீங்க வெளியூர்ப் பொம்பளை, பக்கத்துல வரக்கூடாது, பேசக்கூடாது, தள்ளியே வரணும்னு நாங்கதான் சொல்லியிருந்தோம்’னார்.

மழை முடியுற வரைக்கும் கூட வரணும்னு பேச்சாம். போலீஸ்ல அடைச்சதும் மகளைப் பார்த்து, ‘நீ தட்டை எடுத்துட்டுப் போ’ன்னு சொல்லியிருக்கார். கோழியோட வந்தது அவர் பெண்டாட்டியாம், அவரை விடச் சொல்லிக் கெஞ்சத்தான் வந்தாவளாம்.

இப்பச் சொல்லு. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா? தப்பு யார் மேல? பாஷை தெரியாத ஒருத்தி, அரிவாளோட ஒருத்தன் வந்தா என்ன நினைப்பா? நான் ஒண்ணும் பொய் சொல்லலம்மா.

‘ஸ்டேஷனுக்கு வாங்க மேடம், ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுருவாங்க’ன்னார். உடனே போகலாம்னுதான் நினைச்சேன். பிரதர்கிட்ட கேட்டேன். ‘பாத்துப் பேசுங்க சிஸ்டர், வாக்குமூலத்தை மாத்தினா விசா, கேஸ்னு மிஷனுக்கே சிக்கலாயிரும்’னாவ. அதுல ரெண்டு நாள் போச்சு. இன்னும் ரெண்டு நாள் மழையில போச்சு. ஒன்பதாம் நாள் சைக்கிள் டாக்ஸியில ஏறிப் போனேன், ஹெட்மாஸ்டரும் இன்னொரு சைக்கிள்ல கூட வந்தார். போற வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன்: ‘அவர் என்னை வெட்ட ஓங்கல. நான் பயந்துட்டேன். தப்பு என்னுது.’ மூணே மூணு வாக்கியம்.

அதே பெரிய போலீஸ்காரர். அதே நோட்டு. ‘மேடம், அன்னைக்கு ஓங்கினான்னு கையெழுத்துப் போட்டீங்க. இன்னைக்கு இல்லன்னு சொல்ல வந்திருக்கீங்களா? அப்ப எது பொய்? பொய்ப் புகார் கொடுக்குறதும் இங்க குத்தம், தெரியும்ல?’ன்னார். மிரட்டுற மாதிரிகூட இல்ல, சாதாரணமாத்தான் கேட்டார். சுவர்ல ஒரு விலங்கு தொங்கிக்கிட்டிருந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்நிய தேசத்து ஜெயில்னா எப்படி இருக்கும்னு நினைச்சேன். என் மகன் முகம் வந்துச்சு.

‘நான் அவரை மன்னிச்சுட்டேன்’னு சொன்னேன்.

எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல, வாய் சொல்லிருச்சு. போலீஸ்காரர் முகம் மாறிப்போச்சு. தொப்பியைக் கழட்டிட்டார். எந்திரிச்சு நின்னு, ‘நீங்கதான் நிஜமான கிறிஸ்தவர், மேடம்’னார். ஹெட்மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுக்கப்புறம் நான் அந்த ஊரை விடுற வரைக்கும் அவர் என்கிட்ட காலை வணக்கம் தவிர வேற எதுவும் பேசல.

மாவூத்தோவைக் கூட்டிட்டு வந்தாங்க. மெலிஞ்சு போயிருந்தார். ஒரு கண்ணு வீங்கி மூடியிருந்துச்சு. ‘இந்த அம்மா உன்னை மன்னிச்சுட்டாங்க, நன்றி சொல்லு’ன்னார் போலீஸ்காரர். மாவூத்தோ என் முன்னால முழங்காலை மடக்கி, ரெண்டு கையையும் மெல்லத் தட்டி, ‘சிகோமோ, அமாயி’ன்னார். நன்றி அம்மான்னு அர்த்தம். நான் தலையை ஆட்டினேன்.

அது எப்படியோ மிஷன் பத்திரிகைக்குப் போயிருச்சு. பிரதர்தான் எழுதியிருந்தாவ. வெட்ட வந்தவனை மன்னித்த சகோதரின்னு தலைப்பு. ‘அப்படி இல்ல’ன்னு எழுதலாம்னு பேனாவை எடுத்தேன், அதுக்குள்ள ஊர்ல இருந்து போன் மேல போன். எங்க கோவில் பாதிரி ஐயர் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொன்னாவளாம். மகன் அழுதுட்டான். எப்படிம்மா இல்லன்னு சொல்ல?

அவரை விட்ட அடுத்த திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். மரத்துக்குக் கீழ மாவூத்தோ நின்னார். பாங்கா இல்ல, அது போலீஸ்லயே இருந்துபோச்சு. கையில அந்தத் தகரத்தட்டு. நான் தாண்டிப் போனேன். டங், டங், டங்னு வந்தார். மழை இன்னும் முடியலல்லா.

அவர் தோட்டம் ஆத்தோரம்தான். அந்த ஒன்பது நாள்ல காவலுக்கு ஆள் இல்லாம மக்காச்சோளத்தை நீர்யானைக மேய்ஞ்சு மிதிச்சு ஒண்ணும் இல்லாம ஆக்கிருச்சாம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அதையும் யாரும் என்கிட்ட சொல்லல.

அடுத்த வாரம் பாடம் ‘மன்னித்தல்’. நான் வேணும்னு வைக்கல, புஸ்தகத்துல வரிசையில அதுதான் இருந்துச்சு. தாண்டிப் போயிரலாமான்னு பார்த்தேன், பிள்ளைக கையில புஸ்தகம் இருக்கே. எடுத்தேன். படம் ஒட்டினேன். பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். முடிச்சுட்டு, ‘கேள்வி இருக்கா?’ன்னேன். பழக்கம்லா, முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

அலினாஃபே கையைத் தூக்கிச்சு. இடது கை. வலது கை கட்டுல இருந்துச்சு.

‘மேடம், எங்கப்பாவை எதுக்காக மன்னிச்சீங்க?’

வகுப்புல தொண்ணூறு பிள்ளைக. அந்தப் பிள்ளை முகத்துல கோபம் இருந்திருந்தாக்கூட நான் சமாளிச்சிருப்பேன்மா. கோபம் இல்ல. நிஜமாவே தெரியாமக் கேக்குது.

‘அப்பா கேட்டுட்டு வரச் சொன்னார், மேடம். அவருக்கு என்னன்னு தெரியலயாம். தெரிஞ்சா மறுபடியும் அந்தத் தப்பைச் செய்யாம இருக்கலாம்ல, அதுக்காக.’

‘அடுத்த வகுப்புல சொல்லுதேன்’னேன்.

அந்த அடுத்த வகுப்பு நான் எடுக்கல. காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் இருந்துச்சுதான், பொய் இல்ல. ரெண்டு வருஷத்துக்குப் போனவ ஏழே மாசத்துல, மார்ச்ல, திரும்பி வந்துட்டேன். வண்டி ஏறுற அன்னைக்கு ஊரே வந்து நின்னு பாடிச்சு. மாவூத்தோவும் வந்திருந்தார். கொஞ்சம் தள்ளி நின்னார்.

ஆறு வருஷம் ஆச்சு. எத்தனை கோவில்ல பேசிட்டேன். பேசுறதுக்குப் பயமில்ல. முன்கூட்டியே ஒண்ணு மட்டும் சொல்லிருவேன், கேள்வி நேரம் வைக்காதீங்கன்னு. எல்லாரும் சரின்னுருவாவ.

போன மாசம் ஒரு கோவில்ல பேசிக்கிட்டிருக்கேன். நல்லாப் போய்க்கிட்டிருக்கு. பொம்பளைகள்லாம் கண்ணைத் துடைக்காவ. மூணாவது வரிசையில ஒரு சின்னப் பிள்ளை, எட்டு வயசு இருக்கும், ரெட்டைச் சடை. கையைத் தூக்கிச்சு. ஒண்ணுக்குப் போகணும்னு இருக்கும், தண்ணி வேணும்னு இருக்கும், எனக்கு என்ன தெரியும்? மனப்பாடமா இருந்ததெல்லாம் போயிருச்சு. ‘எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபிப்போம்’னேன். அத்தனை பேரும் மூடினாவ.

நான் மட்டும் மூடல. ஜெபிச்சுக்கிட்டே பாக்கேன். அந்தப் பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்டு ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருக்கு. கையை மட்டும் இறக்கல.

நான் ஆமென் சொல்லலம்மா. சொன்னா கண்ணைத் திறந்திரும்லா. ஜெபிச்சுக்கிட்டே இருந்தேன்.